குறிப்பு: நாற்பது எழுத்துக்குள்

திரையில் ஒரே ஒரு முப்பிடாதிதான்.
ஊரில் இரண்டு.

ஒருத்தி வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்,
இன்னொருத்தி அந்தப் பக்கம்.
ரெண்டு பேர் புருஷனும் சுடலைமுத்து.
ரெண்டு பேரும் பிறந்தது ஜனவரி ஒன்று.
முக்கூடல் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அன்றுதான் பிறந்தார்கள்.
ஆதாருக்குப் படம் பிடிக்க வந்தவன்
தேதி தெரியாதவர்களுக்கெல்லாம்
ஒரே நாளில் பேறுகாலம் பார்த்துவிட்டுப் போனான்.

போன மாசம் சென்னையில் யாரோ
இரட்டைப் பதிவுகளைக் களையெடுத்தார்கள்.
அன்றிலிருந்து ஒருத்தியின் சர்க்கரையும்
இன்னொருத்தியின் ரத்தக் கொதிப்பும்
ஒரே எண்ணில் குடியிருக்கின்றன.
'சல்ஃபா ஒவ்வாது' என்கிற சிவப்பு எழுத்து
எவளுக்கென்று
சன்னல் கம்பிக்கு உள்ளிருந்து
நான்தான் முகம் பார்த்து ஞாபகம் வைக்க வேண்டும்.

கைரேகை வை என்றது கருவி.
வைத்தார்கள்.
முப்பது வருஷம் பீடி இலை மடக்கிய பெருவிரல்
கொத்தாத அம்மியாய் வழுவழுத்துக் கிடக்கிறது.
மீண்டும் முயற்சிக்கவும்,
மீண்டும் முயற்சிக்கவும் என்று
அதுவும் ஓய்ந்துபோனது.

ஊருக்கு இந்தக் குழப்பமே இல்லை.
ஒருத்தி வண்டிமறிச்சா மக.
இன்னொருத்தி கல்லிடைக்காரி.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

சர்க்கரைக்காரர்கள் கூட்டம் வடிந்த பிறகு
வந்தாள் வண்டிமறிச்சா மக.
முந்தானை முடிச்சிலிருந்து போனை அவிழ்த்து நீட்டினாள்.
"அண்ணாச்சி, இது எனக்குள்ளதா?"

அன்புள்ள முப்பிடாதி,
தங்கள் மனநல மாத்திரை தீர்ந்து ஆறு நாள் ஆகிறது.
உடனே பெற்றுக்கொள்ளவும்.

யாருக்குள்ளது என்று எனக்குத் தெரியும்.
பத்து மாசமாக, ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து
"கால் கடுப்புக்குள்ளதத் தாங்க" என்பாள் கல்லிடைக்காரி.
உறையில் 'இரவு ஒன்று' என்று மட்டும் எழுதிக் கொடுப்பேன்.

இவர்களுக்குள் பேச்சு அறுந்து நாலு கொடை ஆகிறது.
யார் முளைப்பாரி முன்னே போவதென்று
வாயில் தொடங்கி
மயிரில் முடிந்தது.

"சிஸ்டத்துல தப்பா வந்துட்டும்மா,
அழிச்சிருதேன்" என்றேன்.

"மெல்லப் பேசுங்க.
எனக்கு எழுத்து தெரியாது, மருமவதான் வாசிச்சா.
தெருவே கேக்கும்படியா
'அத்தைக்கு என்ன கோளாறு'ன்னு கேட்டுட்டா.
எனக்குத்தாம்ட்டி, ரொம்ப நாளா உறக்கமில்லன்னு சொல்லிட்டேன்.
அப்படியே இருந்துட்டுப் போட்டும்.
அவ பேரு வெளிய வரப்படாது."

அவள் பேரும் இவள் பேரும் ஒன்றுதான் என்பது
அந்த நேரத்தில் எங்கள் ரெண்டு பேருக்குமே மறந்திருந்தது.

படி இறங்கினவள் திரும்பி வந்தாள்.
"ஆறு நாளுன்னு போட்டுருக்காம்லா.
ஏன் வரல அவ?
ஆள விட்டுப் பாருங்க."

ஜெபக்கனி ஸ்கூட்டியில் போனாள்.
கதவு திறக்க வெகுநேரம் ஆனதாம்.
முந்தாநாள் சோறு சட்டியிலேயே காய்ந்திருந்ததாம்.
மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு
"யாரு சொன்னா?" என்று கேட்டாளாம்.
மிஷினு சொல்லுச்சு என்றாளாம் ஜெபக்கனி.

பதிவைப் பிரிக்க மனுப் போடுகிறேன்.
இருவரையும் வேறுபடுத்தும் அடையாளம் ஒன்று,
நாற்பது எழுத்துக்குள் கேட்கிறது.
'வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்'
என்று அடித்தேன்.
புள்ளியையும் காலையும் தனித்தனியே எண்ணுகிற கருவிக்கு
அது இருபத்தெட்டு.
பன்னிரண்டு மீதமிருக்கிறது.

கோடு மினுக்குகிறது.
சன்னலுக்கு வெளியே யாரோ
சில்லறையால் கம்பியைத் தட்டுகிறார்கள்.